ஊவாவின் கதை – 17: துண்டுக் காலம்

1869இல் மடுல்சீமைத் தோட்டத்துக் கோப்பி இலையின் அடியில் மஞ்சள் பொடியாகத் தொடங்கிய நோய், இருபது ஆண்டுகளுக்குள் இலங்கைக் கோப்பியை எப்படித் துடைத்துப் போட்டது என்று சென்ற இதழில் பார்த்தோம். அதன்பின் தேயிலை வந்தது. 1890இல் தோமஸ் லிப்டன் ஹப்புத்தளைப் பக்கம் தோட்டங்களை வாங்கினார். 1893இல் ரயில் ஹப்புத்தளையைத் தொட்டது. துரைமார் எழுதிவைத்த நினைவுக் குறிப்புகளில் இவை எல்லாம் விரிவாகவே கிடைக்கின்றன. தேயிலைக்கு ஆள் எப்படிப் பிடித்தார்கள், பிடித்த ஆளை எப்படிப் போகவிடாமல் வைத்திருந்தார்கள், சட்டம் இரண்டையும் பார்த்துக்கொண்டு என்ன செய்தது என்பதைத்தான் அங்கும் இங்கும் தேடிப் பொறுக்க வேண்டியிருக்கிறது.

கோப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்தில் மட்டும் கூட்டம் தேவைப்பட்டது. ஆட்கள் வந்தார்கள், பறித்தார்கள், உயிரோடு இருந்தவர்கள் ஊர் திரும்பினார்கள். தேயிலை அப்படியல்ல. கொழுந்து வருஷம் முழுக்கத் துளிர்க்கும். ஏழெட்டு நாளைக்கு ஒரு தடவை அதே மலையில் அதே கைகள் வேண்டும். ஆகவே ஆளைக் கொண்டுவருவதோடு வேலை முடியவில்லை, நிறுத்திவைக்கவும் வேண்டியிருந்தது.

ஊவாவுக்கு இதில் ஒரு தனிச் சிரமம். பெரகல சந்தியில் நின்றால் அது விளங்கும். இரத்தினபுரியிலிருந்து பலாங்கொடை, ஹல்துமுல்லை வழியாக ஏறி வரும் வீதி இங்கே பிரிகிறது. ஒரு கிளை மேலே ஹப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் போகிறது. மற்றது கொஸ்லந்தை, தியலும வழியாக வெல்லவாயவுக்கு இறங்குகிறது. பனி விலகினால் தெற்கே தாழ்நிலம் கடல்வரை விரிந்து கிடப்பது தெரியும். இந்த மலை விளிம்புதான் மத்திய மலைநாட்டின் கடைசிப் படி. ரயிலுக்கு முந்தைய காலத்தில் தமிழ்நாட்டுக் கூட்டம் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே சுமார் 150 மைல் நடந்து மாத்தளை சேரும். வாந்திபேதியும் காய்ச்சலும் வழியிலேயே பலரை எடுத்துக்கொண்டது போக மிஞ்சியவர்களுக்குக் கண்டியைச் சுற்றியே வேலை கிடைத்தது. ஊவாவுக்கு வர அதன்பின் இன்னும் பல நாள் மலை ஏறி இறங்க வேண்டும். தூரம் கூடக் கூட வழிச்செலவு கூடியது. அந்தச் செலவு யார் பேரில் எழுதப்பட்டது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஆள் தலையிலேயே எழுதப்பட்டது.

கங்காணிக்குத் தோட்டம் முன்பணம் கொடுக்கும். அவர் திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்துத் தம் சொந்த ஊருக்குப் போவார். மழை தவறிய வருஷமென்றால் வேலை சுலபம். பழைய கடனை அடைக்கக் கொஞ்சம், வீட்டில் விட்டுவரக் கொஞ்சம், வழிக்குச் சோறு, துணி, ரயில், கப்பல். லயத்துக்கு வந்து கம்பளியும் அரிசியும் வாங்கும்போது கடன் இன்னும் ஏறும். கணக்கு கங்காணியிடம், எழுத்தறியாத ஆளுக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரிய வழியில்லை. தோட்டத்துக்குக் கங்காணி கடன்காரர், கங்காணிக்கு ஆள் கடன்காரன். பெரிய கங்காணிக்குக் கீழே சில்லறைக் கங்காணிகள். ஒவ்வொரு ஆளும் பிரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, வந்து பேர் விழுந்த நாளுக்குக் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. ஆள் ஓடினால் கங்காணிக்கு இரட்டை நட்டம், தலைக்காசும் போகும், கடனும் நிற்கும். ஆகவே ஓடாமல் பார்த்துக்கொள்ள அவரைவிட அக்கறையுள்ள காவல்காரர் வேறு யாரும் தேவைப்படவில்லை. அந்தக் காவல்காரர் பெரும்பாலும் மாமனோ சித்தப்பனோ, அல்லது ஊரில் மேல்சாதிக்காரரோ ஆக இருந்தார் என்பது இந்த ஏற்பாட்டின் கெட்டிக்காரத்தனம்.

அரசுகள் இதைக் காணாமல் இருக்கவில்லை. பிரிட்டிஷ் பேரரசில் 1834இல் அடிமை முறை ஒழிந்ததும் மொரீஷியஸ், கயானா கரும்புத் தோட்டங்கள் இந்தியாவிலிருந்து ஆள் இறக்கத் தொடங்கின. ஏமாற்றியும் அடைத்துவைத்தும் ஆள் ஏற்றிய கதைகள் லண்டன் வரை போய்ப் பெரும் கூச்சலான பிறகு, இந்திய அரசு 1839இல் கடல் கடந்து கூலிக்கு ஆள் போவதையே தடைசெய்தது. இன்றைய கண்ணால் பார்த்தால் மனித வியாபாரத்துக்கு எதிராக இந்தியாவில் பிறந்த முதல் சட்டங்களில் அது ஒன்று. ஆயுள்தான் குறைவு. சில ஆண்டுகளில் மொரீஷியசுக்குக் கதவு திறந்தது, மேற்பார்வையும் ஒப்பந்தத் தாளும் சேர்த்து. இலங்கைக்கோ 1847ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் மேற்பார்வை எதுவுமின்றியே வழிவிட்டது. சென்னை மாகாணத்திலிருந்து இலங்கைக்குப் போவதைக் குடியகல்வுச் சட்டங்களின் பிடியிலிருந்து அது விலக்கியது. பாக் நீரிணை ஒரு வாய்க்கால், ஆட்கள் தாமாகவே போய்த் தாமாகவே வருகிறார்கள், இதற்கு ஏன் காவல் என்பது வாதம். எழுத்தில் ஒப்பந்தம் கிடையாது. ஆகவே அடிமைத்தனமும் கிடையாது. இந்தத் தருக்கம் அதற்குப்பின் முக்கால் நூற்றாண்டு தாங்கியது.

இலங்கைப் பக்கம் நிலைமை இன்னும் விசித்திரம். 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இத்தீவில் அடிமை முறையை முற்றாக ஒழித்தது. அதற்கு மூன்றே ஆண்டுகளுக்கு முன், 1841இல், இன்னொரு கட்டளைச் சட்டம் வந்திருந்தது. வேலைக்கு ஒப்புக்கொண்டவர் பாதியில் விட்டுப் போனால் அது குற்றம், சிறை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் அதைப் புதுப்பித்து இறுக்கியது. அறிவிப்பின்றி வேலையை விட்டகன்றவருக்கு மூன்று மாதம் வரை மறியல் வைக்கலாம். இன்னொருவரின் ஆளைத் தெரிந்தே வேலைக்கு வைத்துக்கொள்பவரும் குற்றவாளி. கூலி கொடுக்காத துரைக்கும் தண்டனை உண்டு என்று ஏட்டில் இருந்தது. ஆனால் நீதிமன்றம் பதுளையில் இருந்தது, நீதவானின் மாலைநேர நண்பர்கள் யாரென்று எல்லோருக்கும் தெரியும், லயத்திலிருந்து பதுளைக்குப் போக ஒரு நாள் வேண்டும், அந்த நாள் பேர் விழாது. ஓடிய ஆளைப் பிடிக்க மட்டும் சட்டம் வேகமாக நடந்தது. வாங்கிவந்த பொருளைப் பாதுகாக்கும் சட்டங்கள் இவை.

1889இன் 13ஆம் இலக்கச் சட்டம் தோட்டத் தொழிலாளரை மாத ஒப்பந்தக்காரராக எடுத்துக்கொண்டது. மாதம் முடிந்து 60 நாளுக்குள் கூலி கொடுத்தால் போதும் என்றது. ஆக, உழைத்த முதல் நாளின் கூலி மூன்று மாதம் கழித்துக் கைக்கு வரலாம், சட்டப்படியே. அதுவரை சாப்பாட்டுக்கு? கங்காணியின் பற்று.

இந்தப் பின்னணியில்தான் துண்டு வருகிறது.

துண்டு என்பது துரை எழுதிக் கையொப்பமிட்ட ஒரு சிறு காகிதம். அதன் சாரம் இதுதான்: இந்தக் கங்காணியும் அவருடைய இத்தனை ஆட்களும் என் தோட்டத்துக்கு இத்தனை ரூபாய் கடன், இத்தனை நாளுக்குள் அந்தப் பணத்தை யாராவது கட்டினால் இவர்களை விடுவிக்கிறேன். கங்காணி அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அடுத்த தோட்டத்துக்கு நடப்பார். கொழுந்து முற்றிக்கொண்டிருக்க ஆள் இல்லாமல் தவிக்கும் துரை, கடனைக் கட்டி, மேலே கொஞ்சம் சேர்த்துக் கங்காணியின் கையிலும் வைத்து, கூட்டத்தோடு எடுத்துக்கொள்வார். சேர்த்த அந்தக் கொஞ்சமும் ஆட்களின் கடனோடு கூடும். அடுத்த வருஷம் அடுத்த துண்டு, இன்னும் பெரிய தொகை. ஆள் ஒரு சதமும் புதிதாக வாங்காமலே அவன் கடன் தோட்டத்துக்குத் தோட்டம் வளர்ந்தது. புருஷன், பெண்சாதி, பிள்ளை என்று தலைக்கு இவ்வளவு. நடுவில் கல்யாணம் ஆனால் பெண்ணின் கடன் எந்தக் கங்காணியின் கணக்கில் விழும் என்று வழக்காகும். அரிசிக்கு விலை இருப்பதுபோல ஆளுக்கும் சந்தையில் விலை இருந்தது. அதைத் துரைமாரின் சங்கக் கூட்டங்களில் பேசினார்கள், பத்திரிகைகளில் முறைப்பட்டார்கள்.

முறைப்பாடு, கவனிக்க வேண்டும், ஆள் விற்கப்படுகிறான் என்பதல்ல. விலை ஏறிப் போகிறது என்பதுதான். பக்கத்துத் தோட்டக்காரர் கூடுதலாகக் கொடுத்துக் கூட்டத்தை இழுத்துக்கொள்கிறார் என்று வெள்ளைக்காரர் வெள்ளைக்காரர் மேல் கோபப்பட்டார். போட்டியைக் கட்டுப்படுத்த 1904இல் தோட்டத்துரைமார் சங்கம் திருச்சிராப்பள்ளியில் இலங்கைத் தொழிலாளர் ஆணைக்குழுவைத் தொடங்கியது. பேரைக் கேட்டு அரசாங்கத்தின் விசாரணைக்குழு என்று நினைத்துவிடக் கூடாது; அது துரைமாரின் ஆள்திரட்டும் அலுவலகம். அதற்குச் சற்று முன்பே தகரத் துண்டு முறை நடைமுறைக்கு வந்திருந்தது. தோட்டத்துக்கு ஓர் இலக்கம், ஆளுக்கு ஓர் இலக்கம், இரண்டையும் குத்திய வட்டத் தகடு கழுத்தில். வழிச்செலவை அரசாங்கம் முன்கூட்டிக் கொடுத்துத் தோட்டத்திடம் அறவிடும். ஆள் வழிதவறினால் சேரவேண்டிய இடம் தகட்டில் இருந்தது. 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் படகுச் சேவையும் வந்தபின் மண்டபம் முகாம்தான் வாசல். அங்கே நோய்த்தடை, அம்மைப்பால், கொக்கிப் புழுவுக்கு மருந்து, பிறகு ரயில். காட்டு வழியில் செத்தவர் தொகையை எண்ணினால் இது பெரிய முன்னேற்றம்தான், மறுக்க முடியாது. ஆனால் முகாமைக் கடந்து வந்த கடனுக்கு மருந்து இல்லை.

அசைவு வெளியிலிருந்து வந்தது. ஃபிஜியிலும் கரீபியனிலும் நடந்த ஒப்பந்தக் கூலி முறைக்கு எதிராகக் கோகலே தொடங்கி காந்தி வரை எழுப்பிய குரலால் 1917இல் அது இந்தியாவில் நிறுத்தப்பட்டது. அதே அலையில் சென்னை அரசு இலங்கை, மலாயா தோட்டங்களைப் பார்த்துவர மார்ஜோரிபாங்க்ஸ், அகமது தம்பி மரைக்காயர் என்ற இருவரை அனுப்பியது. அவர்கள் அறிக்கை 1917இல் வெளியானது. ஒப்பந்தமே இல்லை என்று சொல்லப்பட்ட நாட்டில் கடனும் மறியலும் சேர்ந்து என்ன செய்கின்றன என்பது அரசாங்கத் தாளில் ஏறியது அப்போதுதான்.

இலங்கைக்குள் ஒருவர் இதை விடாமல் பிடித்துக்கொண்டார். சேர் பொன்னம்பலம் அருணாசலம். சிவில் சேவையில் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி, 1901 குடிசன மதிப்பீட்டை நடத்தியவர், லயத்தைப் பார்க்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லாதவர். 1915இல் இலங்கைச் சமூக சேவைக் கழகம், 1919இல் தொழிலாளர் நலன்புரிச் சங்கம். சங்கத்தின் செயலாளராக இருந்த பெரி. சுந்தரம் தோட்டத்தில் பிறந்து கேம்பிரிட்ஜ் வரை படித்த வழக்கறிஞர். இவர்கள் கேட்டது எளியது. வேலையை விட்டுப் போவது குடியியல் விவகாரம், அதற்கு மறியல் என்ன நியாயம்? பெண்களையும் பிள்ளைகளையும் இதற்காகச் சிறையில் போடும் சட்டம் உலகில் வேறு எங்கே இருக்கிறது? மலைநாட்டுத் தொழிலாளர் வரலாற்றில் அருணாசலத்தின் பெயர் அரைப் பக்கத்தோடு முடிந்துவிடுவது பெரிய அநியாயம். அவர் 1924 ஜனவரியில் யாத்திரை போன இடத்தில், மதுரையில் காலமானார். கேட்டது பெரும்பாலும் நடந்ததைக் கண்டுவிட்டுத்தான்.

1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் துண்டு எழுதுவதைச் சட்டவிரோதமாக்கியது. வேலையை விட்டதற்கான சிறைத் தண்டனையும் அதையொட்டிய ஆண்டுகளில் ஒழிந்தது. துரைமார் எதிர்த்துப் பொரிந்து தள்ளியிருப்பார்கள் என்று நினைத்தால் அது பாதிதான் சரி. விலை ஏறிக்கொண்டே போன ஆட்சந்தையில் அவர்களும் களைத்திருந்தார்கள். இந்திய அரசு கதவைச் சாத்திவிடும் என்ற பயமும் இருந்தது. மனச்சாட்சியும் கணக்குப் புத்தகமும் ஒரே திசையைக் காட்டிய அபூர்வ வேளை.

அடுத்த இரண்டு சட்டங்கள்தான் இந்தக் கதையின் உச்சம். டெல்லியில் 1922ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க இந்தியக் குடியகல்வுச் சட்டம். கொழும்பில் அதற்கு ஈடாக 1923ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். 1847இல் திறந்துவிட்ட கதவுக்கு 76 ஆண்டு கழித்து நிலைச்சட்டம் மாட்டப்பட்டது. கங்காணி இனி உரிமம் இல்லாமல் ஆள் சேர்க்க முடியாது. உரிமம் பெற அவரே தோட்டத்தில் வேலை செய்பவராக இருக்க வேண்டும். சேர்த்த ஆட்களைக் கிராம முன்சீப்பின் முன் நிறுத்த வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவரைப் பெற்றோரோ காப்பாளரோ இல்லாமல் கூட்டிப்போகக் கூடாது. வழிச்செலவை எல்லாத் தோட்டங்களும் சேர்ந்து கட்டும் பொது நிதி ஏற்கும். அதை ஆளிடம் திருப்பிக் கேட்க முடியாது. வந்து ஓராண்டுக்குள் உடம்புக்கு ஒவ்வவில்லை, வேலை ஒவ்வவில்லை, அநியாயமாக நடத்தினார்கள் என்றால் அவர் இலவசமாக ஊர் திரும்பலாம். இவற்றைக் கண்காணிக்க இந்திய அரசின் ஏஜெண்டு ஒருவர் கண்டியில் இருப்பார். 1923இல் வந்த முதல் ஏஜெண்டு எஸ். ரங்கநாதன்.

நூறு ஆண்டு கழித்து வாசித்தாலும் இந்த விதிகள் அசத்துகின்றன. ஆள்திரட்டுவோருக்கு உரிமம், செலவு வேலைகொடுப்பவர் தலையில், திரும்பிப் போகும் உரிமை, போகும் நாட்டில் சொந்த நாட்டு அதிகாரி: இன்று ஜெனீவாவில் சர்வதேசத் தொழில் தாபனம் நியாயமான ஆட்சேர்ப்பு என்று பட்டியலிடுவதில் பெரும்பகுதி இங்கே இருந்தது. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் குறைந்தபட்சக் கூலியையும் சேர்த்தது. பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளையைத் தோட்ட வேலையில் வைக்கக் கூடாது என்றும் சொன்னது. பத்து வயது என்பதே ஒரு வெற்றியாக இருந்த காலம்.

ஓட்டை எங்கே? தோட்டத்துக்குத் தோட்டம் விற்கும் துண்டு போனது. அதன் இடத்தில் பற்றுச்சீட்டு வந்தது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றில் சேர, முந்தைய துரை கொடுத்த பற்றுச்சீட்டு இருந்தால்தான் புதியவர் வேலை தரலாம். இது தொழிலாளரின் நன்மைக்கு என்று சொல்லப்பட்டது. கொடுக்க மனமில்லாத துரையிடம் அது என்ன ஆயுதம் என்பதைப் பிற்காலத்தில் சங்கம் கட்டியவர்கள் நன்றாகவே அறிந்தார்கள். வழிச்செலவுக் கடன் ஒழிந்தாலும் கங்காணியின் கடை ஒழியவில்லை. தீபாவளி, சடங்கு, சாவு என்று பற்று ஓடியது. ஏஜெண்டு கண்டியில் இருந்தார், ஆள் நமுனுகுலையில் இருந்தார். தோட்டம் தனியார் நிலம். வெளியாள் உள்ளே வந்தால் அத்துமீறல். பின்னாளில் தொழிற்சங்கம் கட்டிய கோ. நடேசய்யர் முதன்முதலில் தோட்டங்களைப் பார்க்கப் புடவை வியாபாரி வேடத்தில் போனார் என்று சொல்வது இதனால்தான். சட்டம் வாசல்வரை வந்துவிட்டது. உள்ளே வர அதற்குத்தான் அனுமதி கிடைக்கவில்லை.

1939 ஆகஸ்டு 1ஆம் தேதி இந்தியா திறமைசாராத் தொழிலாளர் இலங்கைக்குப் போவதை முற்றாக நிறுத்தியது. இலங்கை அரசு இந்திய வம்சாவளி நாட்கூலிகளை அரச வேலைகளிலிருந்து நீக்கியதற்கு அது பதில். அரசியல் காரணமாக வந்த தடை, ஆனால் நூறாண்டு ஆள்திரட்டலை ஒரே நாளில் முடித்துவைத்தது அதுதான்.

கடன் மட்டும் முடிவுக்கு வரவில்லை என்பதற்கு ஒரு கசப்பான பின்கதை உண்டு. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதிவைத்தது. மண்டபத்துக்கே திரும்பி இறங்கினார்கள். சிலருக்கு நீலகிரியில் தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தது. பலருக்கு வாக்களித்த உதவி போய்ச்சேரவில்லை. 1980களில் கொடைக்கானல் மலையில், மரம் வெட்டும் குத்தகைக்காரர்களிடம் முன்பணம் வாங்கிக் கட்டுண்டு கிடந்தவர்களில் ஏராளமானோர் இப்படித் திரும்பியவர்கள் என்று தெரியவந்தது. இந்தியாவின் 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் கீழ் அவர்களை மீட்க வேண்டியிருந்தது. தாத்தா கடனோடு மண்டபத்தில் கப்பல் ஏறினார், பேரன் மண்டபத்தில் இறங்கிக் கடனுக்குள் போனான்.

இனி நம் காலம். பெரகல சந்தியில் இன்றும் கொழும்பு பஸ் நின்று ஆள் ஏற்றுகிறது. திசைதான் மாறிவிட்டது; நூறு ஆண்டுக்கு முன் மலைக்கு ஆள் வந்தது, இன்று மலையிலிருந்து ஆள் போகிறது. கொழும்பு வீடுகளுக்குப் பிள்ளைகள், வளைகுடாவுக்குத் தாய்மார்.

இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தம் 360இ பிரிவாக மனித வியாபாரத்தைக் குற்றமாக்கியது. அதன் வரைவிலக்கணம் போதவில்லை. 2000ஆம் ஆண்டில் பலெர்மோவில் உலக நாடுகள் ஒப்புக்கொண்ட நெறிமுறையை ஒட்டி, 2006ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தம் அதை மாற்றி எழுதியது. ஆளைச் சேர்த்தல், கொண்டுபோதல், ஒப்படைத்தல், அதற்கு வற்புறுத்தல், ஏமாற்று, கதியற்ற நிலையைப் பயன்படுத்தல், நோக்கம் சுரண்டல். செயல், வழி, நோக்கம் மூன்றும் சேர்ந்தால் இரண்டு முதல் 20 ஆண்டு சிறை. பிள்ளை என்றால் குறைந்தது மூன்று. பிள்ளையின் விடயத்தில் ஏமாற்றினார்கள் என்று நிரூபிக்கத் தேவையில்லை. அதே திருத்தம் 358அ என்ற இன்னொரு பிரிவையும் சேர்த்தது. கடனுக்காக ஒருவரைக் கட்டிவைப்பதும் வலிந்து வேலை வாங்குவதும் அதன்கீழ் குற்றம். துண்டு எழுதிய துரை எவரும் அந்தப் பிரிவைத் தாண்டியிருக்க முடியாது.

பிள்ளைகளின் கதையில் சட்டம் நகர்ந்ததே சாவுகளுக்குப் பின்னால்தான். 2009 ஆகஸ்டில் மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன இரண்டு சிறுமிகள் பௌத்தாலோக மாவத்தைக் கால்வாயில் சடலமாகக் கிடைத்தார்கள். 2021 ஜூலையில் டயகமத் தோட்டத்துச் சிறுமி ஒருத்தி, வேலைக்கு இருந்த கொழும்பு வீட்டில் தீக்காயம் பட்டு இறந்தாள். அவளுக்கு 16 வயது. வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயது 14லிருந்து 16ஆக உயர்த்தப்பட்டதும் அந்த ஆண்டில்தான். 1929 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை எடுக்கும். ஆனால் பெரிய இடத்து வீட்டின் பின்கட்டில் இருக்கும் பிள்ளையின் கையில் தொலைபேசி இருக்க வேண்டுமே.

வளைகுடாப் பயணத்தில் பழைய கங்காணியை அப்படியே அடையாளம் காணலாம். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகச் சட்டம் 1985இலேயே வந்துவிட்டது. முகவருக்கு உரிமம் கட்டாயம். ஆனால் கொஸ்லந்தையிலோ லுணுகலையிலோ வீட்டுக்கு வருபவர் உரிமம் பெற்ற முகவர் அல்ல, அவருக்காக ஆள் பிடிக்கும் தரகர். தெரிந்தவராகத்தான் இருப்பார், கோயில் திருவிழாவில் முன்வரிசையில் நிற்பவராகவும் இருக்கலாம். வீட்டுப் பணிப்பெண்ணாகப் போக ஒப்புக்கொள்ளும் பெண்ணிடம் அவர் பணம் கேட்பதில்லை. தருகிறார். முன்பணம்! வீட்டுக் கூரைக்கு, நகை மீட்க, பிள்ளையின் படிப்புக்கு. போன வீட்டில் தாங்க முடியாமல் இரண்டு மாதத்தில் அழுது திரும்பி வருகிறேன் என்றால், கொடுத்ததையும் செலவையும் கட்டிவிட்டு வா என்பார்கள். துண்டில் எழுதியிருந்த வாசகமும் அதுதான்.

அரசின் பதில் மறுபடி வாசலில் நின்றது. 2005இல் மூதூரிலிருந்து வயதைக் கூட்டிய கடவுச்சீட்டோடு சவூதிக்கு அனுப்பப்பட்ட பெண் ஒருத்தி, தன் பொறுப்பிலிருந்த குழந்தையின் மரணத்துக்காக 2013 ஜனவரி 9இல் அங்கே சிரச்சேதம் செய்யப்பட்டாள். நாடே அதிர்ந்தது. அதே ஆண்டு குடும்பப் பின்னணி அறிக்கை என்ற ஒன்று கட்டாயமானது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் போக முடியாது என்றது அந்த விதி. கிராம அலுவலர் முதல் பிரதேச செயலகம் வரை கையொப்பம். தோட்டத்துப் பெண்ணுக்கு அந்தக் கையொப்பங்கள் இன்னும் எட்டாதவை. பிரதேச சபை தோட்டத்துக்குள் செலவழிக்கலாம் என்று சட்டம் சொன்னதே 2018இல்தான். வாசலை இறுக்கினால் தரகருக்கு வேலை கூடும். சுற்றுலா விசாவில் துபாய் போய் அங்கிருந்து ஓமானுக்குக் கைமாற்றும் வழி பெருகியது. 2022இல் ஓமானில் சிக்கிய பெண்களின் கதை வெளிவந்தபோது, மஸ்கட் தூதரகத்தில் பணியாற்றிய அதிகாரி ஒருவரே நவம்பரில் கட்டுநாயக்கவில் கைதானார். குடும்பப் பின்னணி விதி அந்த ஆண்டிலேயே தளர்த்தப்பட்டது. பலெர்மோ நெறிமுறைக்கு இலங்கை 2015இல் ஏற்புறுதி அளித்திருந்தது. குற்றத்தில் பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் சட்டமும் அதே 2015இல் வந்து, 2023இல் புதிதாக எழுதப்பட்டது. ஏட்டில் குறை சொல்ல அதிகம் இல்லை.

1923இன் விதிகளோடு இவற்றை அருகருகே வைத்தால் ஒரு வித்தியாசம் துருத்திக்கொண்டு நிற்கிறது. அன்று பயணச் செலவைத் தோட்டங்களின் பொது நிதி ஏற்றது, ஆளின் பேரில் கடன் எழுதத் தடை இருந்தது. இன்று முகவர் கொடுக்கும் முன்பணம் பரிசு என்ற பெயரில் புழங்குகிறது; பெண் திரும்பி வரும் நாளில் அது கடனாகிவிடுகிறது. அவ்வளவு தூரம் யோசித்த பழைய விதியை யாரும் தூசி தட்டி எடுக்கவில்லை.

பற்றுச்சீட்டை ஆயுதமாக்கிய துரைமாருக்கு எதிராக, சட்டம் நுழையாத தோட்டத்துக்குள் தொழிலாளரே நுழைவாயிலைக் கைப்பற்றிய நிகழ்ச்சி ஒன்று பதுளைக்கு அருகில் நடந்தது. அடுத்த இதழில் 1940ஆம் ஆண்டுக்குத் திரும்பி, வெவெஸ்ஸ தோட்ட வேலைநிறுத்தத்தைப் பார்க்கலாம்.

(தொடரும்)